சிறுவாட்டுக் காசும் இரண்டரை ஏக்கரும்



'சிறுவாடு' என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேருக்காவது லேசாகச் சிரிப்பு வந்திருக்கும். அரிசிப் பானைக்குள், கடுகு டப்பாவுக்குள், டிரங்குப் பெட்டியின் அடியில் மடித்து வைத்த முகூர்த்தப் புடவைக்குள்... எங்கெல்லாம் ஒளிந்து கிடக்கும் அது! மோர் விற்ற காசு, முட்டை விற்ற காசு, பார்க்க வந்த அண்ணன் ஊருக்குத் திரும்பும்போது கையில் திணித்துவிட்டுப் போன காசு. வீட்டு ஆண்களுக்குத் தெரியாது என்று நாம் நினைத்துக் கொண்டிருப்போம். அவர்களுக்கா தெரியாது? தெரிந்தும் தெரியாதது போல இருந்துவிட்டு, வெள்ளாமை பொய்த்த வருஷம் நேராகப் பானைக்குத்தான் வருவார்கள்!

இந்தத் தடவை ஒரு கொங்கு நாட்டுப் பாட்டியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்ததும் இந்தச் சிறுவாடுதான் முன்னால் வந்து நிற்கிறது. காரணம் இருக்கிறது.

அந்தப் பாட்டியை உங்களுக்கும் தெரியும். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி பாப்பம்மாள். பவானி ஆற்றங்கரையில் வனபத்ரகாளியம்மன் கோவில் இருக்கிறதே, அந்த ஊர்தான். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவர் படம் வராத பத்திரிகை இல்லை. 2023 மார்ச்சில் தில்லியில் நடந்த சிறுதானிய மாநாட்டில் பிரதமர் அவர் காலைத் தொட்டு வணங்கியதையும் பார்த்திருப்பீர்கள். 2024 செப்டம்பரில் தி.மு.க.வின் முப்பெரும் விழாவில் அவருக்குப் பெரியார் விருது. அதே மாதம் 27-ஆம் தேதி காலமாகிவிட்டார். 1914-ல் பிறந்தவர் என்பது கணக்கு.

அவரைப் பற்றி நாம் எல்லாரும் கேட்டது இரண்டே கேள்விதான். "என்ன வயசு?" "என்ன சாப்பிடுறாங்க?" நூறு தாண்டியும் விடியற்காலையில் எழுந்து வாழைத் தோட்டத்துக்குள் போகிறாராமே என்று வியந்தோம். வியக்க வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அவர் வாழ்க்கையில் வேறோர் இடம்தான் மனசில் தைத்தது. அந்தத் தோட்டம் அவருக்கு எப்படி வந்தது என்பது!

தேவலாபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர் பாப்பம்மாள். சின்ன வயசிலேயே தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்தார். அவரையும் உடன்பிறந்த பெண்களையும் தேக்கம்பட்டிக்குக் கொண்டு வந்து வளர்த்தது அப்பாவைப் பெற்ற பாட்டி. அந்தப் பாட்டி ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பத்திரிகைகள் இந்தப் பாட்டியை ஒரு வரியில் தாண்டிவிட்டன, எனக்கோ அங்கேயே நிற்கத் தோன்றுகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால், தேக்கம்பட்டி மாதிரி ஊரில், ஒரு கிழவி கடையும் நடத்திக்கொண்டு, தாய் தகப்பனில்லாத பேத்திகளையும் கரையேற்றியிருக்கிறாள்! பாட்டிக்குப் பிறகு கடை பேத்தி கைக்கு வந்தது. பேத்தி அதோடு ஒரு சாப்பாட்டுக் கடையும் போட்டார். அந்த வருமானத்தை மிச்சம் பிடித்துத்தான் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்.

மாமனார் வழி வந்ததல்ல. பங்காளிகள் பிரித்துக் கொடுத்ததும் அல்ல. தன் கடைக் காசில் தானே வாங்கியது.

சிறுவாட்டை நாம் பானைக்குள் வைக்கிறோம், அல்லது தோடாக, மூக்குத்தியாக மாற்றிக் கொள்கிறோம். இந்த அம்மாள் மண்ணாக மாற்றினார். எனக்குத் தெரிந்த எத்தனையோ கொங்குப் பாட்டிகள் அவருக்கு ஒரு துளியும் குறையாமல் உழைத்தவர்கள்தான். இது ஒன்றைத்தான் அவர்களால் செய்ய முடியவில்லை. அதனால் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு நான் தூரமாகப் போக வேண்டியதில்லை. என் அம்மாவைப் பெற்றவளையே சொல்கிறேன்.

எங்கள் பக்கம் அம்மாவின் அம்மாவை 'அம்மிச்சி' என்போம், அம்மாவின் அப்பாவை 'அப்புச்சி'. அவர்கள் சாளை பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கிணற்றுத் தோட்டமும் கொஞ்சம் மானாவாரிக் காடுமாக இருந்தது. அம்மிச்சி பெற்றது பத்து, தங்கியது ஏழு. நாலு மாமன்மார், மூன்று பெண்கள். மாமன்மாருக்குக் கல்யாணமாகி அத்தைகள் வந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் ஆகி, லீவுக்கு நாங்களும் போய்ச் சேர்ந்துகொண்டால் ஒரு வேளைப் பந்திக்கு இருபத்திரண்டு வட்டல்! ஒறம்பரை வந்துவிட்டால் கணக்கே கிடையாது.

அம்மிச்சி எழுந்திருக்கும் நேரத்தை நான் பார்த்ததே இல்லை. நாங்கள் கண் விழிக்கும்போது கட்டுத்தரையில் சாணி அள்ளி, வாசல் தெளித்து, எருமை கறந்து, தயிர் கடையும் மத்துச் சத்தம் ஆசாரம் வரை கேட்கும். பிறகு உரலடி. முதல் நாள் தண்ணீர் தெளித்து வைத்த கம்பை அம்மிச்சியும் பெரிய அத்தையும் எதிரெதிராக நின்று மாற்றுலக்கை போடுவார்கள். ஒருத்தி உலக்கை மேலே போகும்போது மற்றவள் உலக்கை கீழே. இடையில் பேச்சு வேறு! குத்தி, புடைத்து, சலித்து, நொய்யை முதலில் கொதிக்கும் உலையில் போட்டு, மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டி இறக்கினால் கம்மஞ்சோறு. அதைப் போசியில் எடுத்துக்கொண்டு காட்டுக்கு.

கிணற்றில் அப்போது மோட்டார் கிடையாது. பைக்காரா மின்சாரம் 1930-களிலேயே கோயமுத்தூரை எட்டிவிட்டது, மில்லுகள் ஓடின. ஆனால் எங்கள் தோட்டத்துக்குக் கம்பி வந்தது நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான். அதுவரை கவலைதான். அப்புச்சி வடக்கயிற்றில் உட்கார்ந்து எருதுகளைப் பள்ளத்தில் இறக்குவார். சால் மேலே வந்து தொட்டியில் தண்ணீரைக் கொட்டும். அந்தத் தண்ணீரை வாய்க்காலில் தொடர்ந்துபோய் மம்பட்டியால் மடை திருப்பிப் பாத்தி பாத்தியாகக் கட்டுவது அம்மிச்சி. முழங்கால் அளவு சேற்றில் நின்ற நிலையில் பொழுது உச்சிக்கு வந்துவிடும். ஆனால் ஊரில் யாராவது கேட்டால், "பண்ணையம் பாக்கறது அவருங்க, நான் வூட்டுல சும்மாதானுங்க இருக்கறேன்" என்பாள். சும்மா!

அவளிடமும் சிறுவாடு இருந்தது. வெண்ணெய் உருக்கிச் சந்தைக்கு அனுப்பிய காசு. கோழி விற்ற காசு. வருஷக்கணக்காகச் சேர்த்தது. ஒரு பஞ்ச காலத்தில் கிணறு வற்றிவிட்டது. இன்னும் ரெண்டு மட்டம் வெட்டினால்தான் தண்ணீர் என்றார்கள். அம்மிச்சி பானையைக் கவிழ்த்தாள். போதவில்லை. கையில் இருந்த காப்பையும் கழற்றிக் கொடுத்தாள். தண்ணீர் வந்தது. வெள்ளாமை வந்தது. காப்பு மட்டும் திரும்பி வரவே இல்லை.

அப்புச்சி காலமானதும் பாகம் பிரித்தார்கள். தோட்டம் நாலு மாமன்மாருக்கும் நாலு பங்கு. என் அம்மாவும் சின்னம்மாக்களும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். "பொறந்த புள்ளைகளுக்கு நோம்பிக்கு நோம்பி சீர் வருது, அப்புறம் நெலத்துல பங்கு எதுக்கு?" என்பதுதான் அன்றைய நியாயம். அம்மிச்சிக்கு? மாசத்துக்கு ஒரு வீடு. தை மாசம் பெரிய மாமன் வீடு, மாசி அடுத்தவர் வீடு, இப்படி. 1956-ஆம் வருஷ வாரிசுரிமைச் சட்டப்படி கணவன் விட்டுப் போன சொத்தில் மனைவிக்கும் பங்கு உண்டு என்பதைப் பத்திரம் எழுதியவர் சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. என் மாமன்மார் கெட்டவர்கள் அல்லர். அம்மாவைத் தாங்கினார்கள், ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. ஆனாலும் மாசக் கடைசியில் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வரப்பு மேல் நடந்து அடுத்த வீட்டுக்குப் போவாளே, அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருக்கும். ஒரு தடவை கூடவே போனேன். பாதி வழியில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "நாந் தண்ணி கட்டாத பாத்தி இதுல ஒண்ணு இருக்குதா சொல்லு கண்ணு" என்றாள். அவ்வளவுதான். மேலே நடந்துவிட்டாள்.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ள முடியாது. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலங்களைக் கையில் வைத்திருப்பவர்களில் பெண்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர்தான். களையெடுப்பில், நாற்று நடவில், மாட்டுக் கொட்டிலில் எத்தனை பேர் பெண்கள் என்று நீங்களே சொல்வீர்கள். 2019-ல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தில் விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய் வருகிறது. அதுவும் நில ஆவணத்தில் பெயர் இருப்பவர் கணக்குக்குத்தான் போகும். மடை திருப்பியவள் யார் என்று ஆவணத்துக்கு எப்படித் தெரியும்?

பாப்பம்மாளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவர் விவசாயி என்று சொல்ல யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 1959-ல் தேக்கம்பட்டி ஊராட்சியில் வார்டு உறுப்பினர், 1964-ல் காரமடை ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலர். பெண்களுக்கு இட ஒதுக்கீடு வருவதற்கு முப்பது வருஷம் முந்தைய காலம் அது! தி.மு.க.வில் நெடுங்காலம் இருந்தவர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு வைத்து, அங்கே விவசாயிகள் விவாதக் குழுவில் பங்கெடுத்தவர். படித்த டாக்டர்களும் விஞ்ஞானிகளும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எழுந்து பேசுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். காலுக்குக் கீழே சொந்த மண் இருந்தால் அந்தத் தைரியம் கொஞ்சம் சுலபமாக வருமோ என்னவோ.

குடும்பமும் சின்னதல்ல. தனக்கென்று பிள்ளை இல்லாமல், உடன்பிறந்தவளின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்தார். பேரன் பேத்தி, கொள்ளுப் பேரன் என்று வீடு நிறைந்தது. பாட்டி தன்னை வளர்த்த கடனைப் பிள்ளைகளை வளர்த்தே தீர்த்துவிட்டார் போலிருக்கிறது.

சரி, "என்ன சாப்பிட்டார்?" என்று நீங்கள் மனசுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பேட்டி எடுக்கப் போனவர்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்: சிறுதானியம், கீரை, காய்கறி, குடிக்க வெந்நீர், தட்டுக்குப் பதிலாக இலை. ஆட்டுக்கறி பிரியாணி என்றால் ரொம்பப் பிரியமாம்! சைவ வீட்டுச் சகோதரிகள் கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று. "அந்தக் காலத்துக் கம்பும் ராகியும் தின்னவங்க எல்லாம் நூறு வயசு இருந்தாங்க" என்று கல்யாண வீடுகளில் பெரியவர்கள் சொல்லும்போது நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. நாடு விடுதலை அடைந்த சமயத்தில் இந்தியருடைய சராசரி ஆயுள் 32 வயசுதான். பச்சைப் பிள்ளைகள் ஏராளமாகச் செத்ததால் கணக்கு அப்படிக் குறைந்தது என்பது உண்மை. அந்தப் பச்சைப் பிள்ளைகளில் மூன்று என் அம்மிச்சி பெற்றவை. அவளும் அதே கம்மஞ்சோறும் ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும்தான் சாப்பிட்டாள். அறுபத்தெட்டு வயசில், கூன் விழுந்து, தரையைப் பார்த்தபடி நடந்து நடந்தே போய்ச் சேர்ந்தாள்.

ராகியில் சத்து இல்லையா? இருக்கிறது. நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், அரிசியும் கோதுமையும் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் பத்துப் பிரசவமும் பத்துப் பிள்ளைக்குத் தாய்ப்பாலும் எத்தனை ராகியைக் கேட்கும்? அதோடு, இருபத்திரண்டு வட்டல் போட்டு முடித்த பிறகுதான் அவள் சட்டிக்குப் பக்கத்தில் உட்காருவாள். கீரை தீர்ந்திருக்கும். பருப்பு அடியில் தண்ணியாக நிற்கும். இந்தப் பழக்கம் சாளையோடு போய்விட்டது என்று நினைக்கிறீர்களா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. நம் தமிழ்நாட்டில் 53. குக்கரும் மிக்ஸியும் உள்ள வீடுகளையும் சேர்த்த கணக்கு இது. கடைசியில் சாப்பிடுவது தியாகம் என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டு, பந்தியில் அவர்களையும் முதலில் உட்கார வையுங்கள். எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டால் பருப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கிடைக்கும்.

நிலத்துக்கு வருகிறேன். இதை எழுதினால் வீட்டில் சண்டை மூட்டுகிறாள் என்று சிலர் சொல்லக்கூடும், சொல்லட்டும். 1989-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டு வந்து, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றது. அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்து, கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதத்தை எடுத்துவிட்டது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறையாகப் பதிவாகிப் போன பாகப்பிரிவினையை இப்போது கிளற முடியாது. தகப்பனார் தானே சம்பாதித்த சொத்து என்றால், அவர் உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். இவையெல்லாம் இந்து குடும்பங்களுக்கான சட்டம், மற்றவர்களுக்கு அவரவர் சட்டம் உண்டு. உங்கள் வீட்டு விவரம் எதில் அடங்குகிறது என்பதை ஒரு நல்ல வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் கேட்டு எழுதாதீர்கள்!

நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்று நீட்டும்போது, போடுவதானால் படித்துவிட்டுப் போடுங்கள். அண்ணன் தம்பி பாசத்துக்காக விட்டுக் கொடுப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் எதை விட்டுக் கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக் கொடுங்கள். என் அம்மாவுக்குக் கடைசி வரை அது எத்தனை சென்ட் என்றே தெரியாது.

பாப்பம்மாள், வயசு ஏறிய பிறகு பத்து ஏக்கரில் பெரும் பகுதியை விற்றுவிட்டார். இரண்டரை ஏக்கரை மட்டும் நிறுத்திக்கொண்டு அதில் வாழையும் மற்றதும் பார்த்தார். விருது வாங்கியபோது அவர் கையில் இருந்தது அந்த இரண்டரைதான்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பத்து லட்ச ரூபாய் மதிப்பு வரையுள்ள வீடு, மனை, விவசாய நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைத்திருக்கிறார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனால் "யார் பேர்ல எழுதறது?" என்று வீட்டில் பேச்சு வரும்போது உங்கள் பக்கம் சொல்வதற்கு ஒரு காரணம் ஆயிற்று.

என் மாமன் மகளின் மகள் ஒருத்தி, இரண்டு மாடு வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவள், இந்தச் சலுகையில்தான் இருபது சென்ட் வாங்கினாள். போன வாரம் போன் பண்ணினாள். "அத்தை, பட்டா மாறி வந்துருச்சுங்க. என்ற பேரு அச்சுல இருக்குது. இனிஷியல்தான் தப்பாப் போட்டுட்டாங்க, மறுபடி மனுக் குடுக்கோணும்." தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டுமே என்ற சலிப்பு அவள் குரலில் துளியும் இல்லை.